‘நைஸ்’ என்றால் ‘நல்ல’ என்று மட்டும்தான் பொருளா?

‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் ‘நல்ல’ என்று மொழிபெயர்க்கலாமா என்பது கேள்வி. கூடாது என்பதே என் கருத்து. அது எந்தச் சொல்லுக்கு அடைமொழியாக வருகிறது என்று பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். வானிலைக்கு ‘இதமான’ பொருந்தும், உணவுக்கு ‘சுவையான’. மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ‘குட் மேன்’ என்பது ஒருவருடைய நேர்மையையும் குணத்தையும் சொல்கிறது. ‘நைஸ் மேன்’ என்பதோ அவர் பழகுவதற்கு இனியவர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இரண்டையும் ‘நல்ல மனிதர்’ என்றே எழுதினால் மூலத்தில் இருந்த வேறுபாடு தமிழில் மறைந்துவிடும்.

மாணவனாக இருந்தபோது, ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்ற தொடரை நான் ‘நல்ல வேறுபாடு’ என்று மொழிபெயர்த்தேன். என் ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘நுண்ணிய வேறுபாடு’ என்று எழுதினார். இந்தச் சொல்லின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான். இலத்தீனில் ‘அறியாத’ என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்பதே இதன் மூலம். அதில் உள்ள ‘அறிதல்’ என்னும் வேரிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்பதற்கு ‘மூடத்தனமான’ என்று பொருள் இருந்தது. பிறகு அது எதிலும் குறை காணும் இயல்பையும், அதிலிருந்து நுட்பத்தையும் துல்லியத்தையும் குறித்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

நம் சமையலறையில் புழங்கும் ‘நைஸ்’ இந்த இன்றைய பொருளைவிட அந்தப் பழைய ‘நுண்ணிய’ பொருளுக்கே நெருக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. துவையலைக் கொரகொரப்பாகவும் தோசை மாவை நைஸாகவும் அரைக்கச் சொல்கிறோம். ‘நைய அரைத்தல்’ என்ற நம் வழக்கின் ஒலியும் இதற்குத் துணை நின்றிருக்கலாம் என்பது என் ஊகம்.

‘நைஸாக நழுவிவிட்டான்’, ‘நைஸாகப் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டான்’ என்னும்போது பொருள் இன்னும் விலகிப் போகிறது. முன்னது பிறர் அறியாமல் போனதையும், பின்னது தந்திரமாகக் குழைந்து பேசியதையும் சொல்கின்றன. ஆகவே இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நைஸ்லி’ என்று போட்டால், ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் அவன் பண்போடு விடைபெற்றுச் சென்றதாகவே புரிந்துகொள்வார்.