முதல் வரிசை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: அசல் கெடாமல் மீட்பது எப்படி? கேள்வி பதில்

பிரிட்டனில் 1959 ஏப்ரலில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னை வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தார்கள். ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சி.சி. இன்ஜின், இரண்டே கதவு. அந்த ஆரம்பகால இரண்டு கதவு வண்டிகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இங்கே பதில். பின்னால் வந்த நாலு கதவு வண்டிக்கும் 1972-ல் வந்த கெசல் மாடலுக்கும் பல விஷயங்கள் மாறும்.

மதுரை: சார், 1962 ஹெரால்ட் ஒண்ணு கிடைச்சிருக்கு. மரத்தடியில இருபது வருஷம் நின்னது. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

கழற்றுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் ஸ்பானரைத் தொடவே வேண்டாம். கேமரா, நோட்டு, அடிஸ்கேல் போதும்.

கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும். பானட்டுக்கும் இதேபோல. இது ஏன் முக்கியம் என்றால், ஹெரால்ட் உடல் ஒரே கூடு இல்லை. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃபுக்கு உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போனதால், தனிச் சேஸிஸ் செய்து, உடலைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டார்கள். முன்பகுதி தனி, பின்தொட்டி தனி, கூரையும் தனி. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது சேஸிஸ் போல்ட்டுகளில் வைத்த பேக்கிங் தகடுகளால்தான். ஒரு போல்ட்டில் இரண்டு தகடு இருக்கும், பக்கத்து போல்ட்டில் நாலு இருக்கும். அது ஆலையில் அந்த ஒரு வண்டிக்காகச் சரிபார்த்து வைத்தது. கழற்றும்போது எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் கதவு மறுபடி சரியாக மூடாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பை, பையில் போல்ட், வாஷர், தகடு, ரப்பர், வெளியே எண். வண்டிப் படத்திலும் அதே எண்.

அடுத்தது எண்கள். சேஸிஸ் தகட்டிலும் இன்ஜின் பிளாக்கிலும் உள்ள எண்களை மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள். பொறிப்பு மழுங்கினால் பிற்பாடு யாராலும் நிரூபிக்க முடியாது.

கழற்றிய எதையும் தூக்கிப் போடாதீர்கள். நைந்த ரப்பரும் கிழிந்த சீட் துணியும் கூட. அவைதான் அளவு, நிறம், தையல் எல்லாவற்றுக்கும் சாட்சி.

கரூர்: இன்ஜின் ஜாம். கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டரில் துருவோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 மில்லி ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரம் இரண்டையும் தரையில் வைத்தபடியே, ஆள் ஒருவர் வண்டியை முன்னும் பின்னும் ஒரு அங்குலம் அசைக்கட்டும். அசைந்தால் பொறுமையாகத் தொடருங்கள். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். சுழல ஆரம்பித்த பிறகும் பழைய ஆயிலை வடித்து, சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை, இறக்கிச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சென்னை: பார்க்க அசலா இருந்தாப் போதும் சார். மாருதி இன்ஜின் போட்டுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. அது வேறு வேலை.

ஈரோடு: இன்ஜின் நல்லா ஓடுது. கிளச் மிதிச்சா மட்டும் முன்பக்கம் ஒரு மாதிரி சத்தம் மாறுது. விட்டுடலாமா?

விடாதீர்கள். இன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். இந்தச் சிறிய ட்ரையம்ஃப் இன்ஜினுக்கு மூன்று மெயின் பேரிங்தான். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது பின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட திரஸ்ட் வாஷர். கிளச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் முழுக்க அவற்றின்மேல்தான் விழும். தேய்ந்து மெலிந்தால் வாஷர் நழுவிச் சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் நேராகப் பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும். அசல் எண் பொறித்த பிளாக் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதிப்பது எளிது. முன் புல்லியில் டயல் கேஜ் வையுங்கள். ஒருவர் கிளச் மிதித்து விடட்டும். முள் ஓடும் தூரம் 4 முதல் 8 தவு வரை சரி (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 8-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். சம்ப்பை இறக்கி, பின் மெயின் கேப்பைக் கழற்றினால் கிராங்கை எடுக்காமலே மாற்றலாம். சாதாரண அளவில் இடைவெளி தங்கவில்லை என்றால் 5 தவு கூடுதல் தடிமனில் வாஷர் கிடைக்கும். வாஷரில் ஆயில் வரி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் சீக்கிரமே திரும்பக் கழற்ற வேண்டி வரும். சிக்னலில் கிளச்சில் கால் வைத்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

திருநெல்வேலி: முன்சக்கரம் சுத்தற கட்டைக்கு கிரீஸ் அடிச்சா திருப்ப லேசா இருக்கு. எவ்வளவு நாளைக்கு ஒரு தரம் அடிக்கணும்?

ஒரு தரம் கூட அடிக்கக் கூடாது. அந்தப் பித்தளைக் கட்டைக்குப் பெயர் டிரன்னியன். அதற்கு ஆயில்தான், ஈ.பி. 90 கியர் ஆயில். 6,000 மைல் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது. பக்கத்தில் உள்ள சிறு பிளக்கை எடுத்து நிப்பிள் போட்டு, ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால், மேல் சீல் வழியாக ஆயில் கசியும் வரை அடியுங்கள்.

தூத்துக்குடி: ஐயா, மன்னிக்கணும். எங்க ஒர்க்‌ஷாப்புல நாப்பது வருஷமா கிரீஸ்தான். மொரிஸ் மைனருக்கும் டிரன்னியன்தான், அதுக்குக் கம்பெனியே கிரீஸ்னு சொல்லுது. பித்தளையில இரும்பு மரை, ரெண்டும் ஒண்ணுதானே?

மைனருக்குக் கிரீஸ் என்பது சரி. ஆனால் ஹெரால்ட் டிரன்னியன் அடியில் மூடிய கிணறு மாதிரி. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் துண்டான லிங்க்கின் கீழ் மரை அந்தக் கிணற்றுக்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது மரையே சுழல்கிறது. ஆயில் ஊற்றினால் கிணற்றில் தேங்கி மரை முழுக்கப் பரவும். கிரீஸ் நிப்பிளுக்கு எதிரே ஒரு பட்டையாக நின்றுவிடும், மற்ற இடத்துக்குப் போகாது. அது காய்ந்தால் வழியே அடைபட்டு, பிறகு ஆயில் அடித்தாலும் உள்ளே போகாது. மேல் சீல் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் இரும்பு மரையைத் துருவாக்கும். மரை தொடங்கும் கழுத்தில் குழி விழும். ஒருநாள் மெதுவாக முழுத் திருப்பு திருப்பும்போது அந்தக் கழுத்து ஒடியும். சக்கரம் வண்டிக்கடியில் மடங்கும்.

தூத்துக்குடி: ஒடிஞ்சதுக்கு எல்லாம் கிரீஸ்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? ஆயில் கசிஞ்சு காலியாயிட்டா அதுவும் துருதானே?

நியாயமான கேள்வி. ஆயில் கசிந்து காலியானாலும் துருதான். அதனால்தான் ஆறு மாதக் கெடு. டிரன்னியன் அடியில் இருக்கும் மூடித்தகடு கசிந்தால் இரண்டே நாளில் ஆயில் வடிந்துவிடும், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் கசிந்தால் தரையில் சொட்டு தெரியும், உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். கிரீஸ் உள்ளே காய்ந்து கிடப்பது வெளியே தெரியாது. வெளியே பிதுங்கிய கிரீஸைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

விழுப்புரம்: அரை அரையா, ஆயிலும் கிரீஸும் கலந்து அடிச்சா?

கலக்காதீர்கள். ஆயில் மட்டும்.

தஞ்சாவூர்: பெயிண்ட் முழுக்கச் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும். அசல் கலர் எப்படிக் கண்டுபிடிக்கறது?

முழுக்கச் சுரண்டுவதற்கு முன்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் தேயுங்கள். வெளிச்சம் படாத இடமாக இருக்க வேண்டும். கதவு அட்டைக்குப் பின்னால், பின்சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டின் உட்பக்கம். 800 வாட்டர் பேப்பர், பிறகு 1,200, தண்ணீர் விட்டு வட்டமாக. மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். தகட்டுக்கு மேலே பிரைமர், அதற்கு அடுத்த வளையம்தான் ஆலை நிறம். அதைக் கடையில் மெஷினில் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். அந்தத் தேய்த்த வட்டத்தை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் மூடி வைத்துவிடுங்கள்.

ஆலைப் பூச்சு பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால் முழுப் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மங்கியதைப் பாலிஷ் போட்டு மீட்கலாம். ஒருமுறை சுரண்டிவிட்டால் 1962-ல் அடித்த பூச்சு திரும்ப வராது. மணல் பீய்ச்சித் துரு எடுப்பது சேஸிஸுக்குச் சரி. பானட், கதவு மாதிரி மெல்லிய தகட்டில் பீய்ச்சினால் அலை அலையாக வளைந்துவிடும், அப்புறம் பட்டி பூசியே மறைக்க வேண்டி வரும்.

சேலம்: சேஸிஸ்ல பக்கக் கை ரெண்டும் உளுத்துப் போச்சு. பாடியத் தூக்கிட்டு வெல்டிங் பண்ணலாம்னு டிங்கர் சொல்றார்.

டிங்கரிடம் பாடியை இறக்காமலே செய்யச் சொல்லுங்கள். பாடி மேலே இருக்கும்வரை அதுவே அச்சு. வண்டியைச் சமதளத்தில் நாலு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையை மட்டும் வெட்டி, புதியதைப் புள்ளி வெல்டு வைத்து, கதவு இடைவெளியை மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய கணக்கோடு ஒத்துப்போனால் முழு வெல்டு. அப்புறம்தான் அடுத்த கை. இரண்டையும் ஒரே நாளில் வெட்டினால் கதவுத்தூண் இறங்கும். சேஸிஸுக்கு 1.6 மி.மீ. தகடு, பாடிக்கு 0.9 மி.மீ. முடிந்ததும் உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள். வெளியே மட்டும் தார் பூசிவிட்டு உள்ளே அப்படியே விட்டால் உள்ளிருந்தே உளுக்கும்.

வேலூர்: இந்தக் காலத்து பெட்ரோலுக்குத் தாங்குமா?

இரண்டு தனி விஷயம். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை மெல்ல உள்வாங்கும். வால்வு இடைவெளி 10 தவு வைத்துவிட்டு, 1,000 கி.மீ. கழித்துப் பாருங்கள். சுருங்கிக்கொண்டே போனால் இருக்கை உள்வாங்குகிறது என்று பொருள். அப்போது கடின இரும்பு இருக்கை பொருத்துங்கள். சுருங்காவிட்டால் அசல் ஹெட்டைக் குடையாதீர்கள்.

இரண்டாவது எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் இளக்கிவிடும். எரிபொருள் ஹோஸ் எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், டயாஃப்ரத்தை எத்தனால் தாங்கும் 'விட்டான்' வகை ரப்பரில் மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டாவிட்டால் டேங்க்கும் கார்ப்பரேட்டரும் காலியாக இருக்கட்டும். கழற்றிய டயாஃப்ரம் பைக்குள் போகட்டும், குப்பைக்கு வேண்டாம்.

சென்னை, வேறொருவர்: டீசல் இன்ஜின் போட்டா?

மேலே மாருதிக்குச் சொன்னதுதான்.

புதுச்சேரி: வீல் சிலிண்டர் நாலும் குழி விழுந்திருக்கு. புதுசு எங்க கிடைக்கும்?

புதியது தேடும் முன் பழையதைக் காப்பாற்றப் பாருங்கள். நல்ல லேத்தில் துளையைப் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் உறை இறக்கி, பழைய உள்விட்டத்துக்கே ஹோன் செய்யலாம், அதாவது வழவழப்பாகத் தேய்க்கலாம். அசல் வார்ப்பு அப்படியே இருக்கும், இனி துருவும் பிடிக்காது. ரப்பரை மட்டும் புதியதாகப் போடுங்கள். ஒற்றைச் சர்க்யூட் பிரேக் இது. ஒரு சிலிண்டர் கசிந்தால் நாலும் போகும். இங்கே மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

திருச்சி: விண்டேஜ் பதிவுக்கு அசல்னா என்ன அர்த்தம்?

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடிக்கூடு, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். புதுப் பதிவென்றால் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரிசையில் எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 5 ஆண்டு. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம். மாருதி, டீசல் என்று கேட்டவர்கள் இரண்டாவது வரியை இன்னொருமுறை படியுங்கள்.

யாழ்ப்பாணம்: எங்களிட்ட மொரிஸ் மைனர் நிக்குது. அதுக்கும் சொல்லுவீங்களா?

மைனர் தெரிந்தவரிடம் கேளுங்கள். டிரன்னியனுக்குக் கிரீஸ் என்பது மட்டும் உறுதி.

தூத்துக்குடி: ஐயா, கடைசியா ஒண்ணு. நீங்க சொன்னதுக்காக ஒரு பக்கம் கழட்டிப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் கட்டியாத்தான் இருக்கு, மரைக் கழுத்துல சிவப்பு. லிங்க்கை மறுபடி போடலாமா?

சோதிக்காமல் போடாதீர்கள். மரையைத் தின்னரில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் சிவப்பு டை ஊடுருவல் திரவம் பீய்ச்சிப் பத்து நிமிடம் விடுங்கள். துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் பீய்ச்சினால் வெடிப்பு இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு எழும். கோடு வந்தாலோ, நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தாலோ அந்த லிங்க் ஓடத் தகுதியில்லை. அசல் என்றாலும் அலமாரியில்தான் வைக்க வேண்டும்.

இடம் வலம் மாற்றிப் போடாதீர்கள். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. டிரன்னியனை ஆயில் தடவி முழுக்கத் திருகி, நிற்கும் இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை பின்னால் விடுங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் மரை முட்டக் கூடாது. முட்டினால் இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி திருப்புங்கள். அடுத்த பக்கத்தையும் கழற்றுங்கள், அங்கேயும் அதே கிரீஸ்தான் இருக்கும்.