செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி: கீவேர்டு பற்றி நீங்கள் கேட்டவை

மாடித்தோட்டம் பற்றிப் பல வருடங்களாகத் தமிழில் எழுதி வருகிறேன். இணையதளத்துக்கு எழுதப் புதிதாக வந்தவர்கள் கீவேர்டு பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அக்கா, கீவேர்டு ரிசர்ச் என்றால் என்ன? காசு கொடுத்து ஏதாவது கருவி வாங்கணுமா?

வேண்டாம். நாம் எழுதும் விஷயம் யாருக்குத் தேவையோ, அவர் தேடல் பெட்டியில் எந்த வார்த்தையைத் தட்டுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அது.

'மாவுப்பூச்சி மேலாண்மை' என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை போட்டேன். வேளாண்மை படித்தவர்கள் சொல்லும் வார்த்தை. மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, "செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, என்ன அடிக்கலாம்?" என்றார். பூச்சியின் பெயரே தெரியாதவர் பெயரைப் போட்டா தேடுவார்? கண்ணில் பட்டதைத்தான் தட்டுவார். தலைப்பை 'செம்பருத்திச் செடியில் வெள்ளைப் பூச்சி: என்ன செய்யலாம்?' என்று மாற்றினேன். மாவுப்பூச்சி என்ற பெயரை முதல் பத்தியில் சொன்னேன். அதற்கப்புறம்தான் வாசகர்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த மாதிரி வார்த்தைகளை எங்கே பிடிப்பது?

கூகுளில் 'செம்பருத்தி செடி' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே வரும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடியவை. பிறகு அ, இ, பூ, வெ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், பட்டியல் மாறிக்கொண்டே வரும். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராமலிருக்க இன்காக்னிட்டோ விண்டோவில் செய்யுங்கள். யூடியூப் தேடல் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். தோட்ட வீடியோக்களின் கமென்ட்டில் வரும் கேள்விகள் எனக்குப் பெரிய சொத்து. அப்படியே நோட்டில் எழுதிவைப்பேன்.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் இருந்தால்?

தமிழில் இது எப்போதும் வரும் சிக்கல். கறிவேப்பிலை என்றும் எழுதுகிறார்கள், கருவேப்பிலை என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் செம்பருத்திக்கு செவ்வரத்தை என்று பெயர். உங்கள் வாசகர் அதிகம் சொல்வதைத் தலைப்பில் வையுங்கள், மற்றதை உள்ளே ஒருமுறை இயல்பாகச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்களும் நிறைய. அதற்காகக் கட்டுரையை அந்த எழுத்தில் எழுத வேண்டியதில்லை.

கீவேர்டு பிளானரில் 'போட்டி குறைவு' என்று காட்டுகிறது. எழுதினால் முதலிடம் வந்துவிடுமா சார்?

(சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள்.) வராது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. எந்த வார்த்தையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் அந்தக் கூகுள் கருவி விளம்பரதாரர்களுக்கானது. அந்த வார்த்தைக்கு விளம்பரம் போட எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பதுதான் அங்கே 'போட்டி'. நம் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குத் தேடல் எண்ணிக்கையும் 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமாகத்தான் தெரியும்.

உண்மையான போட்டியைப் பார்க்க, அந்த வார்த்தையைத் தேடி முதல் பக்கத்தில் வருபவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். கேள்வி ஒன்று, அங்கே இருக்கும் பதில் வேறு என்றால் உங்களுக்கு இடம் இருக்கிறது.

கூகுள் ட்ரெண்ட்ஸில் 100 என்றால் 100 பேரா?

இல்லை. ஒரு வார்த்தையைத் தேடுவது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று காட்டும் கருவி அது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் ஊரிலும் தேடல் உச்சத்தில் இருந்த நேரம் 100. மற்றவை அதோடு ஒப்பிட்டு வருபவை. எந்த மாதம் எதை எழுதலாம் என்று முடிவு செய்ய நல்ல கருவி.

கட்டுரையில் கீவேர்டு எத்தனை முறை வரவேண்டும்?

கணக்கு எதுவும் கிடையாது. திணித்தால் கூகுள் அதை ஸ்பேம் என்றே பார்க்கும். மெட்டா கீவேர்ட்ஸ் (வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் கோடில் எழுதும் கீவேர்டு பட்டியல்) நிரப்பவும் மெனக்கெட வேண்டாம், தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே கூகுள் சொல்லிவிட்டது.

எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது அக்கா. அடுத்து என்ன?

கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தத் தேடல்களில் உங்கள் பக்கம் தெரிந்தது என்று பாருங்கள். 16 மாதத் தரவு வரை அங்கே இருக்கும். நிறையத் தடவை காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யாத வரிகளை முதலில் எடுங்கள். என் செம்பருத்திக் கட்டுரைக்கு அப்படி வந்தது 'வேப்பெண்ணெய் எத்தனை மில்லி'. நான் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லியிருந்தேன், அளவு சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று தனித் துணைத்தலைப்பு போட்டு அன்றைக்கே சேர்த்தேன்.