நடுவில் ஒரு வேலை விழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டுமா?

கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த பல கணினிகளில்) 300 கணிப்பு வேலைகளை ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வைத்து ஓட்டுகிறேன், ஒன்று தோற்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஸ்லர்ம் போன்ற ஷெட்யூலருக்கு, அதாவது வேலைகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் மென்பொருளுக்கு, எந்த வேலை எந்தக் கணினியில், எப்போது என்பதுதான் கவலை. எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்கத்தான் ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ, பெகாசஸ் போன்ற ஒர்க்ஃப்ளோ (பணிப்பாய்வு) மென்பொருள்கள்.

ஸ்னேக்மேக்கில் ஒவ்வொரு படிக்கும் உள்ளீடு, வெளியீடு, கட்டளை மூன்றையும் எழுதினால் போதும். எது எதைச் சார்ந்தது என்று அதுவே கண்டுகொள்ளும். வெளியீடு ஏற்கெனவே இருந்து, உள்ளீடும் கட்டளையும் மாறவில்லை என்றால் அந்தப் படியைத் தொடாது. நெக்ஸ்ட்ஃப்ளோ வேறு மாதிரி. உள்ளீட்டையும் கட்டளையையும் சேர்த்து ஒரு ஹாஷ் (கைரேகை போன்ற குறியீடு) போட்டு, அந்தப் பெயரில் தனி அடைவு (ஃபோல்டர்) வைக்கும்; மறுபடி ஓட்டும்போது ரெஸ்யூம் (விட்ட இடத்திலிருந்து தொடர்) என்று கொடுத்தால் ஹாஷ் பொருந்தும் முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். (இடம் போதவில்லை என்று அந்த அடைவை அழித்துவிட்டு, ரெஸ்யூம் வேலை செய்யவில்லையே என்று நானும் புலம்பியிருக்கிறேன்!)

கணினிகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், தரவை நகர்த்துவதுதான் பெரிய தலைவலி. அங்கே பெகாசஸ் நல்லது. தரவை ஏற்றி இறக்கும் வேலைகளையும் தானே சேர்த்து எச்டிகாண்டர் என்ற ஷெட்யூலரிடம் ஒப்படைத்துவிடும். 2015-இல் லைகோ ஆய்வகத்தில் பதிவான முதல் ஈர்ப்பலையை (விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அதிர்வு) உறுதிசெய்த பகுப்பாய்விலும் இதற்குப் பங்குண்டு.

உங்களுக்கு இருப்பது ஒரே கிளஸ்டர்தானே, ஸ்னேக்மேக்கே போதும்.