ரோடு பைக் பஞ்சர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஈசிஆரில் ஓட்டுகிறேன் அண்ணா. டியூப் மாற்றிய மறுநாளே அதே சக்கரம் மறுபடி பஞ்சர். டியூப் மட்டமா?

டியூப் மேல் பழி போடாதீர்கள் தம்பி. குத்தினது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி முடி கனம்தான் இருக்கும், கண்ணில் படாது. டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டியூப்பில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்வைக் கோட்டுக்கு நேராக வைத்து டயர்மேல் படிய விடுங்கள். டியூப் புரண்டிருக்கலாம், அதனால் வால்வுக்கு இரு பக்கமும் பாருங்கள். அந்த இடத்தில் டயரின் உள்பக்கம் பஞ்சை ஓட்டினால் கம்பியில் இழை சிக்கும். வெறும் விரலை விடவேண்டாம், கிழித்துவிடும். ஓட்டை டியூப்பின் ரிம் பக்கம் இருந்தால் வேறு கதை: ஸ்போக் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு அறுக்கிறது.

கேள்வி: பள்ளத்தில் இறங்கியதும் காற்று போய்விட்டது. டியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

காற்று குறைவு. டயர் நசுங்கி, ரிம்முக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவே டியூப் கடிபட்டிருக்கிறது. மெல்லிய டயரில் காற்று சீக்கிரம் இறங்கும், கிளம்பும் முன் அடித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமில் இடம் இருந்தால் 25 மி.மீ. அகல டயரை விட்டு 28-க்கு மாறுங்கள். நம் ரோட்டுக்கு அதுதான் சரி.

கேள்வி: நான் ஒட்டும் பஞ்சர் நிற்பதே இல்லை.

அவசரம்தான் காரணம். ஓட்டையைச் சுற்றி டியூப்பை உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக, மெல்லிசாகத் தடவி, ஈரம் காயும்வரை காத்திருங்கள். பிறகு ஒட்டுத் துண்டை வைத்து, விளிம்புவரை அழுத்துங்கள். ஈரத்தில் வைத்த ஒட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: வழியில் பஞ்சர் கடை பம்ப் என் வால்வில் ஏறவில்லை.

உங்களுடையது ப்ரெஸ்டா, ரோடு பைக்கில் வரும் ஒல்லி வால்வு. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். மாட்டும் முன் வால்வு நுனியிலுள்ள திருகைத் தளர்த்த வேண்டும்.

கேள்வி: டயரின் கடைசி ஒரு சாண் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது.

டயர் நெம்பும் லீவரைப் போடாதீர்கள், புது டியூப்பையே கிள்ளிவிடும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். ஏற்கெனவே ஏறிய பகுதியை இரு கையாலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் தளர்வு கிடைக்கும், உள்ளங்கையால் உருட்டி ஏற்றலாம். காற்றடிக்கும் முன் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள். அடியில் சிக்கிய டியூப் விலகிக்கொள்ளும்.