புதிதாக விழுந்த இடைவெளி

ஈற்றில் இரத்தம் கசிவது இரத்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்குமோ என்று அஞ்சி எழுதியிருக்கிறீர்கள். அந்நோயிலும் ஈறு கசியலாம் என்பது உண்மையே. ஆனால் அதனுடன் விடாத காய்ச்சல், அடிபடாமலே தோன்றும் கன்றல்கள், மிகுந்த சோர்வு போன்றவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். மூன்று ஆண்டுகளாகப் பல் துலக்கும்போது மட்டும் கசிந்து, மற்றபடி நலமாக இருக்கும் 46 வயதான உங்களுக்கு அந்த நோயை நினைக்க, இணையத்தில் தேடிப் படித்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாக்கில் காலையில் காணும் மெல்லிய வெண்படிவு பொருட்படுத்தத் தக்கதன்று. குறைபாடு இல்லாதவருக்கு வைட்டமின் சி மாத்திரையால் ஈறு இறுகாது, நிறுத்திவிடுங்கள்.

மேல் முன்பற்களுக்கு நடுவே ஓராண்டுக்குள் இடைவெளி விழுந்துவிட்டது என்று, ஏதோ அழகுக் குறையைச் சொல்வது போல, கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த வரி ஒன்றுதான். ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலத்தால் ஈறு சிவந்து கசிவதோடு நிற்கும் வரை, சரியாகச் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகக் குணமாகும். அந்தக் கட்டம் தாண்டினால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, இயல்பாக மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பள்ளம் ஆழமாகி, அதனடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால், பல் விலகுவதோ ஆடுவதோதான் பலருக்கும் கண்ணில் படும் முதல் அடையாளமாகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

ஈறு வீங்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கி விழுங்கியதாகச் சொல்கிறீர்கள். வீக்கம் சில நாள் வடிந்திருக்கும், நோய் வடிந்திராது. வேரில் கல்போல இறுகிய படிவான காரையையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தையும் எந்த மாத்திரையும் பெயர்த்தெடுப்பதில்லை. இனிமேல் தயவுசெய்து நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் பள்ளங்களை அளந்து, எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்வார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் மீண்டும் அளந்து பார்த்து, ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவு செய்வார். ஸ்கேலிங் செய்தால், அதாவது காரையைச் சுரண்டி அகற்றினால், பல் ஆட்டம் கண்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். காரை அகன்றதும் சில நாள் கூச்சம் இருக்கும், பல்லிடுக்குகளும் அகன்றதாகத் தோன்றும். காரை அதுவரை மறைத்திருந்த சேதமே அப்போது தெரிகிறது. கூடவே, இரண்டு ஆண்டுகளாகப் பார்க்காத சர்க்கரை அளவையும் பரிசோதியுங்கள். கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முடுக்கும், ஆறாத ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும்.

கம்பி கட்டி இடைவெளியை மூடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடலாம், ஆனால் ஈற்றின் அழற்சி முற்றிலும் அடங்கிய பிறகே. அதற்குமுன் பல்லை நகர்த்தினால், எஞ்சியிருக்கும் எலும்பும் வேகமாகக் கரையக்கூடும்.