மூளைக்குள் சிப்: வேண்டாம் என்பவர்கள் பத்தாம்பசலிகளா?

கேள்வி: மூளைக்குள் சிப் வைத்து மனிதனை நேராக இன்டர்நெட்டோடு இணைக்கப் போகிறார்கள். ஆனால் மக்களைக் கேட்டால் 'ஐயோ, வேண்டாம்' என்கிறார்கள். செல்போன் வந்தபோதும் இப்படித்தான் சொன்னோம், இன்று அது இல்லாமல் பாத்ரூம்கூடப் போவதில்லை. புதிதாக எது வந்தாலும் பயப்படுவதுதான் ஜனங்களின் வழக்கமா? நீங்கள் போட்டுக்கொள்வீர்களா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஜனங்களைத் திட்டுவதற்கு முன்னால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று முழுசாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021 நவம்பரில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டது. தகவலை இன்னும் வேகமாக, இன்னும் துல்லியமாகக் கையாள மூளையில் சிப் வைத்துக்கொள்வது பரவலானால் சமூகத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேள்வி. கெட்டது என்றவர்கள் 56 சதவீதம், நல்லது என்றவர்கள் 13 சதவீதம்தான். எனக்கு வேண்டாம் என்றவர்கள் 78 சதவீதம். நீங்கள் இதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதே ஆட்களிடம், கைகால் முடங்கியவர்களுக்கு அசைவு கிடைக்க இதே சிப்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது 77 சதவீதம் பேர் தாராளமாக என்றார்கள். வயதானால் மங்குகிற மூளைத்திறனுக்கு வைத்தியமாக என்றால் 64 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே மண்டையோடு, அதே துளை, அதே சிப். புதியது என்பதால் வந்த பயமாக இருந்தால் இதற்கும் அல்லவா முகம் சுளித்திருக்க வேண்டும்? நோயாளிக்குக் கொடு, என்னை வாடிக்கையாளர் ஆக்காதே என்று பிரித்துப் பேசியிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் அந்த 'நேராக இன்டர்நெட்டோடு' விஷயம். விளம்பரத்தில் வருவதற்கும் ஆஸ்பத்திரியில் நடப்பதற்கும் ரொம்ப தூரம். 2024 ஜனவரியில் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் கம்பெனி முதல் மனிதருக்குச் சிப் வைத்தது. அவர் பெயர் நோலண்ட் ஆர்பா, தண்ணீரில் நடந்த ஒரு விபத்தில் தோளுக்குக் கீழே அசைவு போனவர். தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகள், அவற்றில் 1,024 மின்முனைகள். கையை நகர்த்துவதாக மனதில் நினைக்கிறார், அந்த நேரத்தில் நரம்புகளில் எழும் துடிப்பைச் சிப் படித்து வெளியே அனுப்புகிறது, கணினித் திரையில் கர்சர் நகர்கிறது. அவ்வளவுதான். அவர் செஸ் ஆடுகிறார், இணையத்தில் மேய்கிறார், வீடியோ கேமில் இரவைக் கழிக்கிறார். நாம் மவுஸால் செய்வதை அவர் நினைப்பால் செய்கிறார், வாசித்துத் தெரிந்துகொள்வது அவரும் கண்ணால்தான். கூகுள் யாருடைய மண்டைக்குள்ளும் இறங்கிவிடவில்லை. பல வருடம் வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேறு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் சில வாரங்களிலேயே அந்த இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டன. சுமார் 85 சதவீதம். கர்சர் தடுமாற ஆரம்பித்தது. மென்பொருளை மாற்றியெழுதி, மிச்சமிருந்த இழைகளை வைத்தே வேகத்தை மீட்டார்கள். அது கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூளை என்பது கூழ் மாதிரி அசைந்துகொண்டே இருக்கிற சதை, உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இந்த நிலையில் சாதாரண ஆட்கள் 'எனக்கு வேண்டாம்' என்றால் அதற்குப் பெயர் பயமா?

செல்போன் உதாரணத்துக்கு வருவோம். செல்போனைக் கீழே வைக்கலாம் சார். வைப்பதில்லை என்பது நம்முடைய கோளாறு. பியூ கேட்டவர்களில் 59 சதவீதம் பேர், சிப்பை வேண்டும்போது போடவும் வேண்டாதபோது அணைக்கவும் முடிந்தால் ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கும் என்றார்கள். ஆபரேஷன் இல்லாமல் வைக்க முடிந்தால் ஏற்றுக்கொள்வது எளிது என்றவர்கள் அதைவிடக் குறைவு, 53 சதவீதம். அதாவது கத்தியைவிட சுவிட்ச்தான் அவர்களை அதிகம் உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக காக்ளியர் இம்பிளான்ட் வைக்கிறார்களே, அதுவும் உடம்புக்குள் மின்முனைதான், நரம்போடு பேசுகிற கருவிதான். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டத்தை அம்மா குளிப்பாட்டும்போது கழற்றி வைக்கிறாள், பிள்ளை தூங்கும்போதும் கழற்றி வைக்கிறாள். எந்தக் கிராமத்திலும் அதைக் கண்டு 'ஐயோ, மெஷின் மனுஷன்' என்று யாரும் ஓடவில்லை. தேவை கண்ணுக்குத் தெரிகிறது, கழற்றும் கை வீட்டில் இருக்கிறது, அதனால்தான்.

சுவிட்ச் நம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஊகம் தேவையில்லை, நடந்தே இருக்கிறது. செகண்ட் சைட் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி, பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் கொண்ட சிப்பை வைத்தது. ஆர்கஸ் 2 என்று பெயர், 2013-ல் அரசு அனுமதியே கிடைத்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் கூட்ட நேரத்தில் ஒரு பெண் ரயில் மாறப் போய்க்கொண்டிருந்தார். பீப், பீப், பீப் என்று ஒரு சத்தம், அத்தோடு மங்கலாகத் தெரிந்த வெளிச்சமும் போய்விட்டது. அது ஒருத்தருடைய கருவி பழுதான கதை. பிற்பாடு கம்பெனிக்கே பணம் தீர்ந்துபோய் அந்தக் கண் விஷயத்தைக் கைகழுவியது. பழுது பார்க்க ஆளில்லை, உதிரிபாகம் கிடையாது, எடுக்கலாம் என்றால் இன்னொரு ஆபரேஷன். அந்தப் பெண் எடுக்கவில்லை, செத்த சிப் கண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். போன் கம்பெனி மூடினால் நாம் வேறு போன் வாங்குகிறோம். இவர்கள் எங்கே போவார்கள்?

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டிருக்கிறது. சிலி நாடு 2021-லேயே மூளைத் தகவலுக்குப் பாதுகாப்பு என்று அரசியல் சாசனத்தில் சேர்த்தது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூளைத் துடிப்பைப் பதிவு செய்ய தலைக்கு வெளியே மாட்டும் வெறும் பட்டை விற்ற ஒரு கம்பெனியிடம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைப் பதிவுகளை அழித்துவிடு என்று உத்தரவு போட்டது. மண்டையைத் திறக்காத பட்டைக்கே இந்த வழக்கு.

நான் போட்டுக்கொள்வேனா? கழுத்துக்குக் கீழே அசைவு போய், ஒரு வார்த்தை எழுத இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன், பெருவிரல் ரேகையாவது வைப்பேன். மெயிலுக்குச் சீக்கிரம் பதில் போடவும், விக்கிப்பீடியாவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளவும் என்றால் வேண்டவே வேண்டாம். எனக்கு வரும் மெயில்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். இப்படிப்பட்ட சிப் பரவலானால் தானும் போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி பெரும்பாலானவர்களுக்கு வரும் என்று அதே கணக்கெடுப்பில் 60 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அது நடக்கும். வேண்டாம் என்ற 78 சதவீதம் தங்களுக்கு வேண்டாம் என்று சொன்னது. நம் ஊரில் நீட் கோச்சிங் சென்டர் வாசலில் போய், உங்களுக்கு இல்லை அம்மா, பிள்ளைக்கு, 40 மார்க் கூடும் என்று கேட்டுப் பாருங்கள். சுவிட்ச் யார் கையில் என்று ஒருத்தர் கேட்க மாட்டார், இஎம்ஐ உண்டா என்று கேட்பார்கள்.