காலையில் எழுந்ததுமே அடுக்குத் தும்மல். வீட்டில் தூசிப்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?

முழுசாக ஒழிக்க முடியாது, நன்றாகக் குறைக்கலாம். படுக்கையில் இருந்து தொடங்குங்கள். அரை மில்லிமீட்டர்கூட தேறாத இந்தப் பூச்சிக்கு நம் உடலில் இருந்து உதிரும் தோல் துகள்தான் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தையிலும் தலையணையிலும் இரண்டுமே தாராளம். அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம், அதாவது மலம். ஆக, பூச்சி செத்தால் மட்டும் போதாது.

விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் எச்சம் பெருமளவு போகும், ஆனால், பூச்சி பிழைத்துக்கொள்ளும். வெந்நீர் தாங்காத பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் அலசுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த அலர்ஜி உறை போடுங்கள். காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதற்குத்தான். ஏர் ப்யூரிஃபையர் இதற்குப் பெரிதாக உதவாது. எச்சத் துகள் கனமானது, சீக்கிரமே கீழே படிந்துவிடும்.

அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். இவ்வளவு செய்தும் மூச்சு இரைத்தால் டாக்டரைப் பாருங்கள்.